ரணசூரனைச் சாகடித்தவர்

மனிதர்களில் முடிவு திருத்துகிறவர் என்று ஓர் இனம் உண்டு. எந்த ஊரில் இல்லை? கல்யாணப் பந்தியில் மூன்று தரம் பாயசம் வாங்கிக் குடித்துவிட்டு, "மோரை இன்னும் முன்னாடி விட்டிருக்கணும்" என்பார்; கூத்து பார்த்துவிட்டு வந்து, துரியோதனன் இன்னும் கொஞ்ச நேரம் துடித்திருக்க வேண்டும் என்பார்; சாவு வீட்டில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "பெரியவர் ரெண்டு நாள் தாங்கியிருந்தா ஏகாதசி" என்று செத்தவரையே குறை சொல்வார். செத்தவர் எழுந்து பதில் பேச மாட்டார். அந்தத் தைரியம்.

எங்கள் பெரியப்பாவின் மூத்த மருமகன் சம்பந்தம் இதில் முதல் ரகம். ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்பில் தோலைப் புரட்டிப் பார்த்து, நல்லது, கழிவு என்று பிரிக்கிற வேலை. வேலை விட்டு வந்தாலும் கை நிற்காது. அவருடைய மச்சினிச்சி, பெரியப்பாவின் இளைய மகள் பங்கஜத்துக்கு எழுத்துத் தெரியாது. வாரப் பத்திரிகையில் ஒன்பது வருடமாக வந்த 'ரணசூரன்' படக்கதையை வெள்ளிக்கிழமைதோறும் அவளுக்குப் படித்துச் சொல்வது இவர்தான். தாய்க்கு மருந்து தேடிக் குதிரையேறிப் போன ரணசூரன் ஒன்பது வருடம் வழியிலேயே சண்டை போட்டான். தாயும் பொறுப்பாக ஒன்பது வருடம் அதே கடைசி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். அவன் வீடு வந்து சேர வேண்டுமென்று பங்கஜம் விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரருக்கு வேண்டிக்கொண்டாள். வழித்துணைக்கு அந்தச் சாமிதானே? காகிதத்தில் போகிறவனுக்கு மட்டும் துணை வேண்டாமா?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் கதை முடிந்தது. சம்பந்தம் கடைசிப் பக்கத்தை மனசுக்குள் படித்தார். பிடிக்கவில்லை. கழிவில் போட்டார்.

"ரணசூரன் செத்துட்டான்" என்றார்.

பங்கஜம் எட்டிப் பார்த்தாள். "குதிரை மேல வர்றானே, மாமா?"

"அது அவன் ஆவி."

"குதிரை?"

"அதுவும் செத்துடிச்சி."

"வாசல்ல அம்மா நிக்குதே?"

"இன்னாடி பேஜார் பண்றே! படம் போட்டவனுக்கு அறிவு கம்மி. வீரன்னா சாவணும். அதுதான் கதை."

பங்கஜம் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். அடுப்பு மூட்டவில்லை. எதில் குறை வைத்தேன், சாமி ஏன் கைவிட்டது என்று ஒரே அழுகை. மறுநாள் பக்கத்து வீட்டு ஜஹீதா பதறிக்கொண்டு வந்து, விஷயம் கேட்டு, பத்திரிகையை வாங்கிப் படித்தாள்.

"யாரு செத்தாங்கோ, அக்கா? வீட்டுக்கு வந்துட்டான். மருந்து குடுத்தான். அம்மா எழுந்து நிக்கறாங்கோ."

பங்கஜம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்கு நடந்தாள்.

"மாமா, ஞாயித்துக்கெழம விரிஞ்சிபுரம் போறோம். அவன் வந்து சேர்ந்தா உங்களுக்கு மொட்டை போடறேன்னு வேண்டிக்கினு இருக்கேன்."

சம்பந்தம் கிராப்பைப் பிடித்துக்கொண்டார். "ஏன், உன் தலையில முடி இல்லியா?"

"நல்லதத்தானே மாமா சாமிக்குக் குடுக்கணும்?"

அக்கா முந்தானையில் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சாமி காரியம், மறுக்கக் கூடாது" என்றுவிட்டாள். பாலாற்றங்கரையில் மொட்டை ஆயிற்று. சம்பந்தம் தலையை இரண்டு கையாலும் தடவிப் பார்த்துவிட்டு, கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் சொன்னார்: "எல்லாம் சரிப்பா. கடைசியில அவசரப்பட்டுட்டே."

அவர் திருந்தினார் என்று எழுதியிருக்கலாமே, பங்கஜம் அ, ஆ படித்ததாக முடித்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? அப்படியானால் வீட்டுக்குள் போய்க் கொஞ்சம் விசாரித்துவிடுங்கள். உங்கள் தலையை வைத்து யார் எந்தச் சாமிக்கு என்ன வேண்டியிருக்கிறார்களோ!