மூன்றாம் பாடமாகிய என் வாஷிங் மெஷின்

மக்களுக்கு அறிவு புகட்டுவது அரசாங்கத்தின் தலையாய கடமை. அந்தக் கடமைக்கு நடுவே என் வாஷிங் மெஷின் மாட்டிக்கொண்டது.

புதிதாக வாங்கியது. தண்ணீரைக் குடிக்கும், வெளியே விடாது. துணி உள்ளே ஊறிக் கிடக்கும். என் மனைவிக்கு விரல் மூட்டெல்லாம் வீக்கம். துணி பிழியக் கூடாது என்று டாக்டர் சொன்னதால்தான் வாங்கினோம். கடைக்காரரிடம் போனால், "மெஷின் நல்லாத்தான் இருக்கு, உங்க வீட்டுத் தண்ணிதான் சரியில்ல" என்று பல்லைக் காட்டினார். அந்தப் பல்லை நான் இன்னும் மறக்கவில்லை.

நுகர்வோர் குறைதீர் அலுவலகத்துக்குப் போனேன். எல்லா மேசையும் காலி. உள்ளறையில் மொத்த அலுவலகமும் ஓர் அட்டைப்படத்துக்கு நிறம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தது.

"புகார் கொடுக்கணும் சார்."

"இப்ப புகார் வாங்கறதில்ல பெரியவரே," என்றார் அதிகாரி. "புகார் கொடுக்கறது எப்படின்னு பள்ளிக்கூடங்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் புத்தகம் தயாரிக்கிறோம். ஆளெல்லாம் அதுல இருக்காங்க."

நியாயம்தான். சமையல் குறிப்பு எழுதுகிறவரிடம் போய்ச் சோறு கேட்கலாமா?

என் கதையைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "படிக்காத முதியவர், பழுதான பொருள், பதில் சொல்லாத கடை! இதைத்தானே தேடிட்டிருந்தோம்!"

மூன்றாம் பாடமாக அச்சேறினேன். படத்தில் எனக்கு இல்லாத மீசையோடு மெஷின் முன்னால் கண்ணீர் விடுகிறேன். கடைசி வரி: 'இம்முதியவர் இன்றும் நம்பிக்கையோடு காத்திருக்கிறார்.'

பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து மெஷினைப் பார்த்தார்கள். மகளிர் குழு வந்து தட்டிப் பார்த்தது. வந்தவர்களுக்கெல்லாம் என் மனைவி குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். அவர்கள் போன பிறகு கையால் துவைத்தாள்.

போகிற வழியில் பிள்ளைகள் கடை வாசலில் நின்று, "மூணாம் பாடத்துக் கடை இதுதானா?" என்று கேட்டதில் கடைக்காரருக்கு வியாபாரம் படுத்துவிட்டது. தானே வந்து புது மெஷினை இறக்கிவிட்டு, பழையதைத் தூக்கிப்போனார். துணி சுற்றுவதை என் மனைவி கண்ணாடி வழியாகச் சினிமா மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வகுப்பை அழைத்துவந்த வாத்தியார் திடுக்கிட்டார். "புத்தகத்துல ஓடாதுன்னு இருக்கு. இது ஓடுதே! பிள்ளைங்க பரீட்சையில என்னத்த எழுதும்?"

'சொன்னதற்கு மாறான பொருளைக் காட்டி ஏமாற்றியது' என்று என் மேல் புகார் கொடுத்தார். அந்தப் புகாரை மட்டும் அலுவலகம் உடனே எடுத்துக்கொண்டது. சொந்தப் புத்தகமல்லவா!

அதிகாரி வீட்டுக்கே வந்து, தெருவே கூடி நிற்கத் தீர்ப்புச் சொன்னார்: "அச்சடித்த புத்தகத்தைத் திருத்த இயலாது. ஆகவே மெஷினைத் திருத்துக."

கடைக்காரர் புதியதை ஏற்றிக்கொண்டு பழையதை இறக்கினார். சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்.

"என் கை என்னங்கய்யா ஆகறது?" என்றாள் மனைவி.

"அது பாடத்துல வரலையேம்மா."

அக்கம்பக்கத்தார் சும்மா விடமாட்டார்கள் என்று நினைத்தேன். விடவில்லை. முண்டியடித்துக்கொண்டு அதிகாரியைச் சூழ்ந்தார்கள்.

"சார், என் இஸ்திரிப் பெட்டி சூடே ஆகாது!" என்றார் தையல்காரர்.

"எங்க மிக்ஸி வாங்கின நாள்லேர்ந்து சுத்தல!" என்றாள் எதிர்வீட்டு அக்கா.

அதிகாரி முகம் சுளித்தார். "எல்லாம் புகாரா?"

"சேச்சே, புகாரு யாருக்கு வேணும்? நாலாம் பாடத்துக்கு ஆள் எடுத்தாச்சா?" என்றார் தையல்காரர்.

"ரெண்டாம் பாகம் வருது, இடமிருக்கு. ஆனா நடுவுல ரிப்பேர் பண்ணிடக் கூடாது."

"சத்தியமா மாட்டோம் சார்!"