விளையாடாதவர் அணி

முதலில் விசில்தான் கேட்டது.

பனியில் ராஜகிரி மலையே காணாமல் போயிருந்த விடிகாலை. சைக்கிளின் ஹேண்டில் வரைக்கும் தெரிந்தது. முன்சக்கரம் இருக்கிறதா இல்லையா என்பது அவரவர் நம்பிக்கை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து நீளமாக ஒரு விசில். இளையபெருமாள் பிரேக்கைப் பிடித்துவிட்டுத் தன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். அவருடைய விசில் பத்திரமாக இருந்தது.

விசில் என்றால் திருடன். மார்க்கெட் கமிட்டிக்குப் பின்னால் சொக்கலிங்கம் முதலாளியின் மல்லாட்டைக் கிடங்கில் வேர்க்கடலை மூட்டைகளுக்கு இராக்காவல் காக்கிறவருக்கு வேறு அர்த்தம் தெரியாது. ஊதினால் ஓட வேண்டும். திருடன் ஒரு பக்கம், இவர் அதற்கு நேர் எதிர்ப் பக்கம். ஆனால் இந்த விசிலுக்கு யாரும் ஓடவில்லை. பள்ளிக்கூட மைதானத்திலிருந்து பெண்கள் சிரிக்கும் சத்தம் வந்தது. அதில் ஒரு சிரிப்பு அவர் வீட்டுச் சிரிப்பு.

இளையபெருமாள் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்று கேட்டார். கல்யாணமான புதிதில் கேட்டது. தீர்ந்துவிட்டது என்றல்லவா நினைத்திருந்தார்? சரக்கு இருந்திருக்கிறது. கடைதான் வேறு.

டெல்லியில் விளையாட்டுக்கென்றே ஓர் ஆணையம் இருக்கிறது. மெடல் வாங்குகிறவர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது, மற்ற ஜனங்களும் விளையாட வேண்டும் என்று அதற்குத் தோன்றியிருக்கிறது. நாற்பதைத் தாண்டிய பெண்கள் ஏன் மைதானத்துப் பக்கமே வருவதில்லை? வந்தால் அவர்களுக்கு என்ன ஆகும்? இதை ஆராய்ச்சி செய்யப் பொறுக்கிய ஊர்களில் செஞ்சியும் ஒன்று. ஒரு கையால் பந்தைக் கொடுப்பார்கள். மறு கையால் நாடியைப் பிடித்துப் பார்ப்பார்கள். வந்தால் என்ன ஆகும் என்று இளையபெருமாளைக் கேட்டிருந்தால் டெல்லிக்கு அவ்வளவு செலவு வைத்திருக்க மாட்டார். புருஷனுக்கு டீ ஆறிப்போகும். அவ்வளவுதான் ஆகும்.

ஆனால் டீ ஆறுவதில்லை. அதுதான் கொடுமை. மனைவி வசந்தா பிளாஸ்க் வாங்கி வைத்துவிட்டாள்.

இளையபெருமாளுக்கு ஒரு நாள் என்பது காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஏழு மணிக்கு முடிந்துவிடும். அதற்கு அந்தப் பக்கம் மூட்டைகள், இந்தப் பக்கம் தூக்கம். மூட்டைகள் பேசாது. தூக்கத்தில் வருகிறவர்கள் பேசினாலும் ஞாபகம் இருக்காது. அந்த ஒரு மணி நேரத்தில் வசந்தா எதிரே உட்கார்ந்து பேசுவாள். ரேஷனில் பருப்பு போடவில்லை. குரங்கு கொடியிலிருந்து பாவாடையை எடுத்துக்கொண்டு போயிற்று. ஓசூரில் கட்டிக்கொடுத்த மகள் மோனிகாவுக்குச் சளி. இவர் ‘ம்’ கொட்டுவார். அந்த ‘ம்’மைக் கொட்டுவதற்காகத்தான் அவர் இராத்திரி முழுவதையும் கழித்தார் என்று சொன்னால் முதலாளி சிரிப்பார். ஆனால் உண்மை.

இப்போது அந்த மணி நேரத்தில் பூட்டிய வீடு, ஓட்டு விளிம்பில் சாவி, உள்ளே பிளாஸ்க். பிளாஸ்க் சூட்டைக் காக்கும். பேச்சைக் காக்குமா? போதாததற்குத் தெருக்குழாயில் தண்ணீர் வருவதும் அந்த நேரம்தான். மனைவி பந்து பிடிக்கப் போனதால் தண்ணீர் பிடிப்பது அவர் தலையில் விழுந்திருந்தது.

‘நீ இல்லாம வீடு வெறிச்சுனு இருக்குது’ என்று சொல்லியிருக்கலாம். அஞ்சே அஞ்சு வார்த்தை. ஆனால் அவர் தொண்டையில் அது ஏறி வரும்போது இருமலாக மாறிவிடும். அதனால் வேறு வேறு வார்த்தைகளைச் சொன்னார்.

“பனி கொட்டுதுமே. சளி புடிக்கும்.”

“நீ ராத்திரி பூரா பனியிலதான நிக்கற. உனக்குப் புடிச்சுதா?”

“முட்டி தேஞ்சிடும்.”

“நாத்து நட்டப்ப தேயாத முட்டி, பந்து புடிச்சாத்தான் தேயுமா?”

“ஊரு சிரிக்குது.”

“சிரிக்கட்டும்யா. நாங்களும் அதுக்குத்தான் போறோம்.”

பக்கத்து வீட்டு ரஞ்சிதம் வெளியிலிருந்து குரல் கொடுத்தாள். வசந்தாவின் புடவைக்கு மேல் ஆணையம் கொடுத்த நீல பனியன், முதுகில் ஏழாம் நம்பர். அவள் பறந்துவிட்டாள். இத்தனை வருஷம் அந்த முதுகுக்கு ஒரு நம்பர் இருக்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

ஒருநாள் நடுப்பகலில், அதாவது இளையபெருமாளுக்கு நடுநிசியில், ஆணையத்துப் பெண் வீட்டுக்கே வந்தாள். பிரீத்தி என்று பேர். சின்னப் பெண், கழுத்தில் அடையாள அட்டை. வசந்தா அவரை உலுக்கி எழுப்பி, முகம் கழுவ வைத்து, நாற்காலியில் நட்டாள்.

“சார், நீங்க ஏதாவது விளையாடுவீங்களா?” என்றாள் பிரீத்தி.

அவரை அதுவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. அந்த வார்த்தை தலைக்கு ஏறியது. கூடவே தூக்கம் கெட்ட எரிச்சல், ஏழாம் நம்பர் மேல் இருந்த கோபம். எல்லாம் சேர்ந்து அவரைப் பேச வைத்தது. விளையாட்டு என்பது வேலையற்றவன் செய்யும் வேலை என்றார். உழைக்கிற உடம்புக்கு எதற்கு விளையாட்டு என்றார். தேசிங்கு ராஜா காலத்திலேயே இங்கே விளையாடி ஜெயித்தவன் எவன் என்றும் கேட்டார். அந்தப் பெண்ணை இன்றோடு டெல்லிக்கு மூட்டை கட்டிவிடுவது என்று எண்ணம்.

வசந்தா காபியை நீட்டியபடி, மெல்ல, “அடுத்த பங்குனி வரைக்கும் விளையாடாம இருப்பியாய்யா?” என்றாள்.

“பங்குனி இன்னா, பாடையில போற வரைக்கும் விளையாட மாட்டேன்.”

“சொன்னா சொன்னதுதான் இவரு,” என்று வசந்தா அந்தப் பெண்ணிடம் பெருமையாகச் சொன்னாள்.

அதன் பிறகு பிரீத்தி வெகுநேரம் ஏதோ விளக்கினாள். இளையபெருமாள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார். இராக்காவலில் அவர் கற்ற ஒரே வித்தை அது. சரியான இடங்களில் ‘ம்’ கூடக் கொட்டினார். விழித்தபோது அந்தப் பெண் எழுந்து கும்பிட்டு, உங்களைப் போன்றவர்களைத்தான் தேடிக்கொண்டிருந்தோம் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போனாள். திட்டு வாங்கியவள் ஏன் சிரிக்கிறாள் என்று யோசிப்பதற்குள் மறுபடி தூங்கிப்போனார்.

திட்டியும் பலனில்லை. விசில் நிற்கவில்லை. டீ நேரத்தில் இல்லாமல் போனது போதாதென்று, வசந்தா இப்போது மற்ற நேரத்திலும் பந்தைப் பற்றியே பேசினாள். ரஞ்சிதம் போட்டது, இவள் பிடித்தது, வல்லத்து டீம் தோற்றது. அவருக்கு ‘ம்’ கொட்டும் இடம் தெரியவில்லை.

அப்போதுதான் இளையபெருமாள் மகத்தான முடிவுக்கு வந்தார். மலை இறங்கி வராவிட்டால் மனுஷன் ஏற வேண்டியதுதான். மைதானத்து வாசலில்தான் பேனர் கட்டியிருக்கிறதே, ஆண் பெண் வயது பார்க்காமல் எல்லோரும் விளையாட வரலாம் என்று. போவோம். அவள் பக்கத்தில் நிற்போம். பந்து வந்தால் வரட்டும், பேச்சு வந்தால் போதும்.

மருமகன் விட்டுப்போன கேன்வாஸ் ஷூ பரணில் கிடந்தது. இரண்டு கால் நுழையும் அளவுக்கு ஒவ்வொன்றும் பெரிசு. பேப்பரைச் சுருட்டி அடைத்தார். பழைய துணியைப் பந்தாகச் சுற்றி, சாயங்காலங்களில் கொல்லைச் சுவரில் எறிந்து பிடித்தார். பிடித்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒருமுறை மூக்கில் பிடித்தார். மாவு அரைத்துக்கொண்டிருந்த வசந்தா எட்டிப் பார்த்தாள். அன்றைக்கு இராத்திரிச் சாப்பாட்டு டப்பாவில் ஒரு தோசை கூடுதலாக இருந்தது. இளையபெருமாள் அதை வெற்றியின் முதல் அறிகுறி என்று எடுத்துக்கொண்டு தின்றார்.

மறுநாள் வேலை முடிந்து நேராக மைதானம். பனி அப்போதுதான் விலகிக்கொண்டிருந்தது. வலைக்கு இந்தப் பக்கம் நீல பனியன்கள். ஏழாம் நம்பர் மூலையில் நின்றது. இளையபெருமாள் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, ஷூவை மாட்டிக்கொண்டு, சுண்ணாம்புக் கோட்டருகே போய் நின்று பல்லைக் காட்டினார்.

பிரீத்தி பதறி ஓடி வந்தாள்.

“சார், உள்ள வராதீங்க. நீங்க விளையாடக் கூடாது.”

பேனரை அவர் சுட்டிக்காட்டினார். அது மற்றவர்களுக்கு என்றாள். அன்றைக்கு வீட்டில் சொன்னதையே பொறுமையாக மறுபடி சொன்னாள். விளையாடுகிறவர்களை மட்டும் பார்த்தால் ஆராய்ச்சி ஆகாது, விளையாடாதவர்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரே வீடு, ஒரே சோறு, ஒரே தண்ணீர். ஒருத்தர் விளையாடுகிறார், ஒருத்தர் விளையாடவில்லை. அதனால் புருஷன் பெண்டாட்டி ஜோடி. இந்த ஜோடியில் அம்மா விளையாடுகிறவர், சார் விளையாடாதவர்.

“அப்ப நான் வரல. என் பேர எடுத்துடும்மா.”

“எடுக்கலாம் சார், உங்க இஷ்டம்தான். ஆனா ஜோடி கலைஞ்சா அம்மா பேரும் போயிடும். டீம்ல வேற ஆளப் போடணும்.”

இளையபெருமாள் கீழே பார்த்தார். ஷூவின் முனைக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு மல்லாட்டைக்காய் வைக்கலாம். ஒரே ஓர் அடி. அந்த அடியை வைத்தால் நாளையிலிருந்து வசந்தா வீட்டில் இருப்பாள். ஆறு மணி திரும்பி வந்துவிடும். சளிக்கும் முட்டிக்கும் ஊர்ச்சிரிப்புக்கும் அசையாத மலை, ஓரடி தூரத்தில் கிடந்தது.

விளையாட்டு நின்றுவிட்டது. ரஞ்சிதம் பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தாள். வசந்தா மெதுவாகக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

“நீதான் என் பேரக் குடுத்தியா?” என்றார்.

“ஆமா.”

“இன்னாத்துக்கு?”

“என்னிக்கினா ஒருநாள் நீ இங்க வந்து நிப்பன்னு தெரியும். அதுக்குத்தான்.”

அவர் இருமினார். அப்புறம், என்ன ஆயிற்றோ, இருமலுக்குப் பின்னாலேயே அந்த வாக்கியமும் வந்து விழுந்தது. “காலைல வந்தா வீடு காலியா இருக்குது வசந்தா.”

“எனக்கு ராத்திரில காலியா இருக்குது,” என்றாள் வசந்தா. “கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து. நான் இன்னா, கெடங்குக்கு வந்து உன்கூட நின்னனா?”

கோபமாகச் சொல்லவில்லை. பருப்பு போடவில்லை என்பதைச் சொல்வது போலத்தான் சொன்னாள். இளையபெருமாள் ‘ம்’ கொட்டப் பார்த்தார். வரவில்லை. தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, நாய் குரைக்கிற பக்கம் காது வைத்துக்கொண்டு, ஒருத்தி படுத்திருந்த இராத்திரிகளை அவர் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. ஊர்ச் சரக்கையெல்லாம் காவல் காத்தவர்.

“தாண்டினா இன்னா பண்ணுவ?” என்று கடைசி முயற்சியாகக் கேட்டார். குரலில் பலமில்லை.

“தாண்ட மாட்ட,” என்றாள் அவள். “போய்யா. குழாய்ல தண்ணி வந்திருக்கும். ஷூ பெருசா இருக்குது, தடுக்கி வுழுந்துடாத.”

திரும்பி மூலைக்குப் போய்விட்டாள். விசில் ஒலித்தது. இளையபெருமாள் காலைப் பின்னுக்கு எடுத்தார்.

சைக்கிள் வரைக்கும் பிரீத்தி கூடவே வந்தாள். கண் லேசாகக் கலங்கியிருந்தது. ஏதாவது நல்ல வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டும் என்று நினைத்தாள் போலிருக்கிறது.

“சார், சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. விளையாடாதவங்கள்ல உங்கள மாதிரி ஒருத்தரு இந்த ஜில்லாவிலயே கெடையாது.”

வீட்டுக்கு வந்தபோது குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஷூவைக் கழற்றிச் சுவரோரம் வைத்தார். குடத்தைக் கழுவிக் குழாயடியில் வைத்து, பக்கத்தில் குந்திக்கொண்டார். நிரம்பியதும் நகர்த்திவிட்டு, அடுத்த குடத்தை வைத்தார்.