சுயபராமரிப்பும் நாலு இட்லியும்

தத்துவம் படித்தவனை மருத்துவமனையில் சேர்த்தால் வார்டுக்கே நோய் வரும். கல்லூரியில் முப்பத்திரண்டு வருடம் தத்துவப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

நாலு வருடத்துக்கு முன் பௌர்ணமி கிரிவலம் போனேன். அடி அண்ணாமலை பக்கம், முன்னால் போகிறவர்களில் எத்தனை பேர் செருப்பு போட்டிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே நடந்தேன். (நான் வெறுங்கால். அந்தத் திமிர்தான்.) பதினேழாவது ஆளை எண்ணும்போது பள்ளம். கணுக்காலில் முறிவு, மாவுக்கட்டு, படுக்கை. என் மருமகள் கவிதா அப்போது நர்சிங் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்த மருத்துவமனையிலேயே சேர்த்தார்கள்.

அவளுக்கு அந்த வாரம் செய்முறைத் தேர்வு. ஒரு கோட்பாட்டைத் தேர்ந்து, அதன்படி ஒரு நோயாளியைப் பராமரித்து, வெளியூர்த் தேர்வாளரிடம் காட்ட வேண்டும். தேறினால் விரிவுரையாளர் வேலை காத்திருந்தது. தவறினால் அது வேறு ஆளுக்கு. அவளுக்கு ஒதுக்கிய நோயாளி தேர்வுக்கு முதல் நாள் வீட்டுக்குப் போய்விட்டார். மிச்சம் இருந்தது நான்.

"சுயபராமரிப்புக் கோட்பாடு, மாமா. தன்னால முடிஞ்சதை நோயாளியே செஞ்சுக்கணும். முடியாததை மட்டும் நாங்க செய்வோம், அவரா செய்யற வரைக்கும் கத்துக்குடுப்போம். நீங்க குளிக்க, சாப்பிட எல்லாம்..."

"நானே செஞ்சுக்குவேன்னு எழுதிக்கோம்மா" என்றேன். பிறகு, "ஊசி போடறதுக்கு எதுக்கும்மா தத்துவம்?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பாடப்புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

மதியம் முழுக்க, நர்சிங் கோட்பாடுகள் வளர்ந்த கதையைப் படித்தேன். முதலில், ஜன்னலைத் திற, காற்றும் வெளிச்சமும் வந்தால் உடம்பு தானே தேறும் என்றார்களாம். அப்புறம், நர்சுக்கும் நோயாளிக்கும் உள்ள உறவே பாதி மருந்து என்றார்களாம். அடுத்து மனிதனின் தேவைகளைப் பதினாலு என்று எண்ணியிருக்கிறார்கள். (எண்ணியவர்கள் மேல் உடனே மரியாதை வந்தது.) பிறகு சுயபராமரிப்பு. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்வி: மனிதன் பழுது பார்க்கும் இயந்திரமா, முழு ஆளா? இதைத்தான் நானும் வகுப்பில் கேட்டேன். பையன்கள் தூங்கினார்கள்.

மறுநாள் காலை கவிதா சொன்னாள்: "மாமா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

"நான் பாத்துக்கறேம்மா."

தேர்வாளர் அம்மையார் வந்து, "எப்படி இருக்கீங்க ஐயா?" என்றார். அந்த ஒரு கேள்விக்கு ஜன்னலில் ஆரம்பித்து, பதினாலு தேவைகளையும் விரல் மடக்கி, சுயபராமரிப்புக்கு வந்து சேர்ந்தேன். பக்கத்துக் கட்டில்காரர் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார்.

"தன்னைத் தானே ஆள்கிற சுதந்திர மனிதன்தான் இதன் அஸ்திவாரம், மேடம். அடுத்தவர் கையை எதிர்பார்க்கிறவன் பாதி மனிதன்..."

"பேசினது போதுங்க, ஆறிப்போவுது" என்று பக்கத்தில் குரல் கேட்டது. என் மனைவி அலமேலு, டிபன் டப்பாவோடு. இட்லியைப் பிட்டாள், சட்னியில் தோய்த்தாள், நீட்டினாள்.

என் வாய் தானாகத் திறந்தது. நாற்பத்தொரு வருடப் பயிற்சி.

தேர்வாளர் கேட்டார்: "அம்மா, ஐயாவுக்குக் கையிலயும் அடியா?"

"கைக்கு இன்னா? நல்லாத்தான் கீது. கால்தாங்க."

"அப்புறம் ஊட்டறீங்களே?"

"வுட்டா சட்டையில கொட்டிக்குவாருங்க."

"வீட்ல குளிக்கறது?"

"தண்ணி வெளாவி, துண்டு சோப்பு எடுத்து வெச்சா குளிப்பாரு. இல்லன்னா பாத்ரூம்ல நின்னு கத்துவாரு."

"எவ்ளோ நாளா இப்படி?"

"கல்யாணம் ஆனதுலருந்து."

தேர்வாளர் கவிதாவின் பராமரிப்புத் திட்டத்தைப் புரட்டினார். "எல்லாம் தானே செஞ்சுக்கறார்னு எழுதியிருக்கீங்க?"

கவிதாவின் முகம் வெளுத்தது. வேலை போயிற்று என்று நினைத்தேன். பாதி மனிதனாகக்கூட இல்லாமல், போர்வைக்குள் போய்விடப் பார்த்தேன்.

"அவர் சொன்னதை நம்பி எழுதிட்டேன் மேடம், தப்பு" என்றாள் கவிதா. "இவருக்குக் குறை கால்ல இல்ல. மாவுக்கட்டு பிரிச்சாலும் தீராது. கத்துக்குடுக்கறதை இப்பவே ஆரம்பிக்கறேன்."

மாமியார் கையிலிருந்து டப்பாவை வாங்கி என் மடியில் வைத்தாள். "அத்தை, நீங்க உக்காருங்க. மாமா, சாப்பிடுங்க."

வார்டே பார்க்க மிச்ச இட்லியை நானே தின்றேன். சட்டையில் மூன்று இடத்தில் சட்னி. அலமேலு ஸ்டூலில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சாப்பிடும்போது அவள் உட்கார்ந்து அன்றுதான் பார்க்கிறேன்.

"பேஷன்ட் மெதுவா தேறுவாரு" என்று சொல்லிவிட்டு மதிப்பெண் போட்டார் தேர்வாளர். கவிதா தேறினாள்.

இப்போது வீட்டில் "அலமேலு, தண்ணி" என்றால், "கட்டு பிரிச்சாச்சுங்க" என்று சமையலறையிலிருந்து பதில் வருகிறது. பேரன்கூட அதையே சொல்கிறான்.

கவிதா வருடா வருடம் அந்தக் கோட்பாட்டை நடத்தும்போது என்னைத்தான் உதாரணம் காட்டுகிறாளாம். "பேரை எல்லாம் சொல்ல மாட்டேன் மாமா. வேங்கிக்கால்ல ஒரு ஓய்வு பெற்ற தத்துவப் பேராசிரியர்னு மட்டும்தான் சொல்லுவேன்" என்கிறாள்.

எங்கள் ஊர் வேங்கிக்காலில் அப்படி எத்தனை பேர் என்று தெருத்தெருவாக விசாரித்து எண்ணிவிட்டேன். ஒருவன்தான்.