கடைசி வாரங்களின் மகான்

கடல் கடந்து சேவைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் வேலையைப் பார்த்துவிட்டு, அசதியோடு, சத்தமில்லாமல் வீடு வந்து சேர்ந்துவிடுகிறார்கள். அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நான் இங்கே உங்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புவது, திரும்பும் தேதி தெரிந்த நாளில் மொட்டவிழ்ந்து விமானம் ஏறும் நாளில் முழுமலர்ச்சி அடைகிற அரிய இனத்தை. ‘கிளம்பப் போகிறவர்’ என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்வோம்.

இவரை உங்களுக்குத் தெரியும். உங்கள் தெருவின் வாட்ஸாப் குழுவில் நாள் தவறாமல் ஒரு குரல் பதிவு வந்து விழுகிறதே, “இந்த மக்களை விட்டுட்டு எப்படி வரப் போறேன்னு தெரியல” என்று தொடங்கி, தொண்டை கரகரத்து, சரியான இடத்தில் நின்று, பிறகு தொடருமே, அவர்தான். இதே மனிதர் முன்பு அனுப்பிய பதிவுகளையும் நான் அழிக்காமல் வைத்திருக்கிறேன். அவற்றில் அந்த நாட்டுத் தண்ணீர் வாயில் வைக்க ஆகாது, சோறு வேகாது, கொசு நம்மூர்க் கொசுவைக் காட்டிலும் பெரிது, மக்கள் சொன்ன நேரத்துக்கு வருவதேயில்லை. கடைசி வாரங்களிலோ அதே தண்ணீர் இளநீராகி, அதே கொசு இயற்கையின் அங்கமாகி, நேரத்துக்கு வராத அதே மக்கள் ‘கடிகாரத்துக்கு அடிமையாகாத பெருமக்கள்’ ஆகிவிட்டார்கள். கொசு மாறவில்லை. டிக்கெட் வந்துவிட்டது.

அவ்வளவு காலம் எட்டிப் பார்க்காத மொழியில் ‘நன்றி’, ‘அழாதீர்கள்’ என்ற இரண்டு சொற்களை இப்போது கற்றுக்கொள்கிறார். அழாதவர்களிடமும் இரண்டாவதைச் சொல்கிறார். போகிற இடமெல்லாம் ஒரு மரக்கன்று நடுகிறார். தண்ணீர் ஊற்றப்போவது யார் என்று நாம் கேட்கலாமா? கேட்டால் நாம் கல்நெஞ்சர்.

கோச்சடைக்காரரான அருள்பாண்டி இந்த இனத்தின் குறையற்ற மாதிரி. ஆப்பிரிக்க மலைக்கிராமம் ஒன்றில் சேவை அமைப்பு நடத்தும் மருத்துவமனைக்கு, பக்கவாதத்தில் விழுந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்து நடக்க வைக்கும் பிசியோதெரபிஸ்டாகப் போனவர். அவர் போன சில மாதங்களில் இங்கே அவருடைய தகப்பனார் விருமாண்டிக்கே பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. உடனே ஓடிவந்தாரா என்கிறீர்களா? உடனே வீடியோ அனுப்பினார். அங்கே ஒரு முதியவரின் கையை இவர் தூக்கிப் பிடித்து “ஒண்ணு, ரெண்டு” என்று எண்ணுவதை, இங்கே தங்கை முனீஸ்வரி கைப்பேசியில் காட்ட, தகப்பனார் மகனுடைய குரலுக்குத் தம் கையைத் தூக்கிப் பார்த்தார். கை எழவில்லை. வீடியோவுக்கு ஆயிரம் பேர் கைதட்டினார்கள்.

இந்தக் கதையில் இழப்பதற்கு ஏதேனும் உடையவர் முனீஸ்வரி ஒருவரே. தகப்பனாரைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்டவருக்கு, தூத்துக்குடியில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் மறுபடி வேலை கிடைத்தது. அண்ணன் வந்ததும் சேர்கிறேன் என்று தவணை கேட்டார். கொடுத்தார்கள். அண்ணன் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டார். மறுபடி கேட்டார். கொடுத்தார்கள். அண்ணன் மறுபடியும் தள்ளிப்போட்டார். காரணம், வழியனுப்பு விழாக்கள். ஓர் ஊரில் மாலை வாங்கினால் அடுத்த ஊர் கோபித்துக்கொள்ளாதா?

“அண்ணே, இருபதாந்தேதி கடைசி. அதுக்கு மேல வேற ஆளப் போட்டுருவாங்களாம்.”

“தெரியும்மா. ஆனா இங்க ஒரு பெரியவரு போகாத போகாதன்னு கையப் புடிச்சுக்கிட்டு அழுகுறாரு. அவர உதறிட்டு எப்படி வர்றது, நீயே சொல்லு.”

“இங்கயும் ஒருத்தர் இருக்காரு. அவருக்குப் புடிக்கத்தான் கை வரல.”

“எமோஷனலாப் பேசாத முனீஸு. இன்னும் ரெண்டே வாரம். மூணு ஊருல விழா பாக்கி.”

“சரிண்ணே. இருந்து எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு வா.”

அழைப்பை வைத்த கையோடு அருள்பாண்டி, ஊரில் வரவேற்பு ஏற்பாடுகளைக் கவனித்துவந்த நண்பர் காளையைக் கூப்பிட்டார். “மாப்ள, ப்ளெக்ஸ்ல நான் கும்புடுற போட்டோ வேண்டாம். அந்தப் பெரியவரு கையப் புடிச்சிருக்கேன்ல, அதப் போடு. பெருசாப் போடு.”

“எம்புட்டுப் பெருசு?”

“வெமானத்துல இருந்து எறங்குறப்பவே தெரியணும் மாப்ள.”

பத்தொன்பதாம் தேதி முனீஸ்வரி ஒரு வாடகைக் கார் பேசி, பின் இருக்கையில் தலையணைகளை அடுக்கித் தகப்பனாரைச் சாய்த்து, வீட்டைப் பூட்டிச் சாவியை எதிர்வீட்டு ரெங்கம்மாளிடம் கொடுத்துவிட்டுத் தூத்துக்குடி போய்ச் சேர்ந்தார். மறுநாள் வேலையில் அமர்ந்தார். அன்று மாலையே அந்த மருத்துவமனையில் யாரோ ஓர் இளம் பிசியோதெரபிஸ்ட் விருமாண்டியின் கையைத் தொட்டுத் தூக்கினார். வீடியோவில் அல்ல.

அருள்பாண்டி, தாம் சொன்ன இரண்டு வாரம் முடிந்ததும் வந்து இறங்கினார். விமான நிலையத்திலிருந்து வரும் அவனியாபுரம் சாலையில் ப்ளெக்ஸ் இருந்தது, மேளம் இருந்தது, ஆளுயர மாலை இருந்தது. கோச்சடையில் பூட்டு இருந்தது.

“ஒந் தங்கச்சி அப்பாவக் கூட்டிக்கிட்டுப் போயிருச்சுப்பா” என்றபடி ரெங்கம்மாள் சாவியை நீட்டினார். “ஒனக்கு விழா இருக்கும், தொந்தரவு பண்ண வேணாம்னு சொல்லுச்சு.”

வெட்கத்தில் தலைகுனிந்தார் என்று எதிர்பார்க்கிறீர்களா? இந்த இனத்தை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. பூட்டிய கதவின் முன் மாலையோடு நின்று படம் எடுத்து அவர் வெளியிட்ட பதிவு இது: “உலகமே என் குடும்பம் என்று வாழ்ந்தவனுக்கு, திரும்பி வர ஒரு வீடு இல்லை.” இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் கண்ணீர் வடித்தார்கள். எங்கள் தெருவில் மட்டும் பதினோரு பேர்.

நல்லவேளை, நான் அப்படியில்லை என்று நீங்கள் மூச்சு விடுவது கேட்கிறது. நீங்கள் கடல் கடந்ததில்லை, மாலை வாங்கியதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதைப் படிக்கத் தொடங்கியதிலிருந்து உள்ளறையிலிருந்து ஒரு குரல் இரண்டு முறை உங்களைக் கூப்பிட்டது. இரண்டு முறையும் “இந்தா வாரேன்” என்றீர்கள். முனீஸ்வரிக்காக வருத்தப்பட்டு முடித்துவிட்டீர்கள் என்றால், எழுந்து போய் என்னவென்று கேளுங்கள்.