கஹ்வா அண்ணன் குடிக்காத கோப்பி

ஒரு கோப்பி குடித்து முடிப்பதற்குள் அரபு தேசம் முழுவதையும் சுற்றிக் காட்டக்கூடிய ஆள் மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஒருவர்தான். கோலா கெத்திலில் சாலையோரம் ஒட்டுக்கடை வைத்திருக்கும் கஹ்வா அண்ணன். சொந்தப் பெயர் என்ன என்று கேட்டால் அவரே அடையாளக் கார்டைத் தேடுவார்.

இளவயதில் குவைத்தில் ஒரு முகாம் சமையலறையில் வேலை பார்த்தவர். சம்பாதித்தது போன வழி தெரியவில்லை. 'கஹ்வா' என்ற சொல் மட்டும் பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தது. அரபியில் கோப்பிக்கு அதுதான் பெயர்.

"அண்ணே, ஒரு கோப்பி ஓ" என்று பால் ஊற்றாத கோப்பி கேட்டால் போச்சு. தண்ணீர் கொதிப்பதற்குள் ஆரம்பித்துவிடுவார்.

"அந்த வார்த்தைய வளைகுடாக்காரன் எப்படிச் சொல்வான் தெரியுமா? கங்கைக்கு வர்ற 'க' போட்டுச் சொல்வான். எகிப்துக்காரன் மொத எழுத்தையே முழுங்கிட்டு 'அஹ்வா'ம்பான். அவனுக்குக் கோப்பிக்கும் அதான் பேரு, கோப்பிக்கடைக்கும் அதான் பேரு. சிரியாக்காரன் 'அஹ்வே'ன்னு இழுப்பான். ஏமன்காரன் இருக்கானே, கொட்டைய வித்துட்டுத் தோலக் காய்ச்சிக் குடிப்பான்!"

"அண்ணே, வேலைக்கு நேரமாச்சு லா."

"இருப்பா. ஆதியில அது எதுக்குப் பேருங்கிற? மதுவுக்கு! பசிய அடக்குறதுன்னு அர்த்தமாம்."

தைப்பூச விரதத்தில் இருந்த லோரி டிரைவர் ஒருவர் இதைக் கேட்டதும் வாயில் இருந்த கோப்பியைத் துப்பிவிட்டு, "ஐயோ முருகா!" என்று ஓட்டம் பிடித்தார். அண்ணன் விடவில்லை. "இப்ப இல்ல லா, அந்தக் காலத்துல!" என்று கரண்டியோடு சாலை வரை துரத்திக்கொண்டு போனார்.

ஆறிய கோப்பி என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. நாம் போனில் பேசிக்கொண்டிருந்தால் கோப்பையைப் பிடுங்கிக் கால்வாயில் ஊற்றிவிட்டு வேறு போட்டு வைப்பார். "ஆறிப்போனா அது வெறும் கறுப்புத் தண்ணி!" என்று திட்டும் சேர்ந்து கிடைக்கும்.

இப்படிப்பட்டவரைத்தான் நான் பெண் கேட்க அழைத்துப் போனேன். வேறு வழி? அப்பா அம்மா போய்விட்டார்கள். எஸ்டேட்டை விற்றதும் சொந்தக்காரர்கள் திசைக்கு ஒருவராகச் சிதறிவிட்டார்கள். நான் விரும்பிய மாலதியின் அப்பா பண்டார் பாருவில் இருந்தார். மண்டோராக எஸ்டேட்டில் ஆட்களை மேய்த்து ஓய்வு பெற்றவர். "பேச ஒரு பெரிய மனுசன்கூட இல்லாத பையனுக்கு எப்படிப் பொண்ணு கொடுக்கறது?" என்று மகளிடம் கறாராகச் சொல்லியிருந்தார். அண்ணன் மட்டும் கைகொடுக்காவிட்டால் மாலதி எனக்கு இல்லை.

"அண்ணே, அங்க போயி கோப்பியப் பத்தி மட்டும் வாயத் தொறந்துராதீங்க" என்று காரில் கெஞ்சினேன்.

"தொறக்கவே மாட்டேன், தம்பி."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மாலதி ஆவி பறக்கக் கோப்பி கொண்டுவந்து வைத்தாள். குடிக்கக்கூட அண்ணன் வாயைத் திறக்கவில்லை. கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சாமி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மண்டோர் முகம் கறுத்தது. "ஏன், எங்க வீட்டுக் கோப்பி எறங்காதோ?"

அண்ணன் என்னைப் பார்த்தார். சொல்லுங்கள் என்று நான் தலையாட்டினேன்.

"ஐயா, பாலைவனத்துல ஒரு பழக்கம். ஒண்ணு கேட்டு ஒரு வீட்டுக்குப் போனா, அவங்க கொடுக்கற கஹ்வாவத் தொடாம வைப்பாங்க. 'நீ கேட்டது கெடைக்கும், குடி'ன்னு வீட்டுக்காரரு சொன்னாத்தான் எடுப்பாங்க."

மண்டோர் மீசையை நீவினார். "நம்மளும் சம்பந்தம் முடியாம கை நனைக்க மாட்டோம்ல."

"அதேதான், ஐயா. ஊருதான் வேற."

"அது சரி. நாளைக்கு என் மக கண்ணக் கசக்கிட்டு வந்து நின்னா, நான் யாரைக் கேக்கறது?"

"என்னைக் கேளுங்க. கோலா கெத்தில்ல கடை இருக்கு. நான் எங்கயும் போகப் போறதில்ல."

"நீங்க இவனுக்கு என்ன முறை?"

வாயாடி அண்ணன் முதன்முறையாகத் தடுமாறினார். "ஊருக்கெல்லாம் நான் அண்ணன் லா. இவனுக்குக் கூடப்பொறந்த அண்ணன்."

மண்டோர் என்னையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பியில் ஆவி அடங்கி, ஒரு ஈ வந்து விளிம்பில் உட்கார்ந்து, அதுவும் வேண்டாம் என்று போய்விட்டது.

"குடிங்க, சம்பந்தி" என்றார் மண்டோர்.

அண்ணன் கோப்பையை இரண்டு கையாலும் எடுத்தார். ஆறிப்போன அந்தக் கோப்பியை அடிவரை குடித்தார்.

திரும்பும் வழியில், "எப்படிண்ணே இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"கறுப்புத் தண்ணி" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கோலா கெத்திலில் எல்லோருக்கும் அவர் இன்றும் கஹ்வா அண்ணன்தான். என் மகளுக்கு மட்டும் பெரியப்பா.