அலமோ வாசலில் கழற்றிய ஷூ

சாக்ஸின் ஓட்டை வழியாகத் தன் கட்டைவிரல் எட்டிப் பார்ப்பதை நஞ்சுண்டன் அப்போதுதான் கவனித்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். டெக்சஸ் மாநிலத்து அலமோ கோட்டையின் அந்தப் பழைய மாதாகோயிலுக்குள் நின்றிருந்த அத்தனை பேர் காலிலும் ஷூ இருந்தது. அவனுக்கும் அவன் மனைவி சாந்தாமணிக்கும் மட்டும் இல்லை.

தப்பு வாசலிலேயே நடந்துவிட்டது. “டெக்சஸுக்காக உயிரைக் கொடுத்தவங்களோட புனிதமான இடம். தொப்பியைக் கழட்டிட்டு உள்ளே போங்க” என்றார் காவலர். நஞ்சுண்டனிடம் தொப்பி கிடையாது. ஆனால் புனிதமான இடம் என்று காதில் விழுந்ததும், கோபிச்செட்டிபாளையத்தில் பிறந்த கால்கள் தாமாகவே ஷூவை உதறிவிட்டன.

“ஏனுங்க, இங்க ஒருத்தருமே கழட்டலீங்க!” என்றாள் சாந்தாமணி.

“மெதுவாப் பேசு. பாஸ் காதுல உழுந்துரப் போவுது.”

“போயி எடுத்து மாட்டிக்கிட்டு வந்துருங்க. என்ர செருப்பை நான் அப்பவே பைக்குள்ள போட்டுக்கிட்டேன்.”

பாஸ் என்றால் பாக்ஸ்டர். ஆஸ்டின் நகரில் நஞ்சுண்டன் வேலை பார்த்த சின்ன சாப்ட்வேர் கம்பெனிக்கு முதலாளி. அவர் அறைச் சுவர் முழுக்க டெக்சஸ் கொடி. மேஜையில் அந்தக் காலத்து டெக்சஸ் படைத்தலைவர் சாம் ஹூஸ்டனின் சிலை. காலில் எந்நேரமும் கௌபாய் பூட்ஸ். சேனாபதி என்றொரு அசட்டுத் தமிழன், “அலமோ சண்டையில இவங்க எல்லாரும் தோத்துத்தானே போனாங்க? அதுக்கு எதுக்கு சார் இவ்வளவு கொண்டாட்டம்?” என்று லஞ்ச் நேரத்தில் கேட்டுவைத்தான். பாக்ஸ்டர் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனார். அதற்கப்புறம் சேனாபதியின் கிரீன் கார்டு பேப்பர் அவருடைய இழுப்பறையை விட்டு வெளியே வரவேயில்லை. விசா முடிந்து, பையன் மூட்டையைக் கட்டிக்கொண்டு சென்னைக்கே போய்ச் சேர்ந்தான்.

இப்போது அதே இழுப்பறையில் நஞ்சுண்டனின் பேப்பர் கிடக்கிறது. அவனுக்கும் விசா முடியப் போகிறது. பயத்தில் லைப்ரரிக்கு ஓடி டெக்சஸ் வரலாற்றை நெட்டுருப் போட்டான். பாக்ஸ்டரைக் கண்ட இடத்திலெல்லாம் ஒப்பித்தான். “இவ்வளவு டெக்சஸ் பேசறீங்களே, எங்களை அலமோவுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று ஆபீஸே அவரைப் பிடித்துக்கொண்டபோது, அவர் கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்தார். பிறகு நஞ்சுண்டன் பக்கம் விரலை நீட்டினார்.

“போலாம். ஆனா விளக்கம் இவன்தான் சொல்லணும்.”

பரீட்சை வைக்கிறார் என்று நஞ்சுண்டனுக்குப் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

இப்போது பாஸ் கண்ணில் படாமல், பூனை மாதிரி வெளியே நழுவினான். கோயில் வாசலில் செருப்பைப் பறிகொடுத்தவர்களுக்குத் தெரியும், ஜோடியை ஒரே இடத்தில் விடக்கூடாது என்று. அவனும் இடது ஷூவைத் தூணோரமும் வலது ஷூவைத் தள்ளி ஒரு செடிக்குப் பின்னாலும் விட்டிருந்தான். இப்போது இடது ஷூ காவலர் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

“இது உங்களோடதா?”

ஆமாம் என்றால், இன்னொன்று எங்கே என்பார். அங்கே என்றால், ஏன் அங்கே என்பார். டெக்சஸ்காரர்களைத் திருடர்கள் என்று நினைத்தாயா என்று யாராவது கேட்டால்?

“இல்லீங்க, என்னோடது இல்ல” என்றான்.

காவலர் அவனுடைய சாக்ஸை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஷூவோடு உள்ளே போனார். நஞ்சுண்டன் வலது ஷூவை எடுத்து, பின்னால் வந்த சாந்தாமணியின் பைக்குள் திணித்தான்.

“ஒத்தை ஷூவை வெச்சுட்டு என்னங்க பண்றது?”

“கம்முனு இரு, வர்றாரு!”

பாக்ஸ்டர் தன் மனைவியோடும் ஆபீஸ் பட்டாளத்தோடும் முற்றத்துக்கு வந்துகொண்டிருந்தார். அவர் பார்வை நேராக அந்தக் கட்டைவிரலில் வந்து நின்றது.

“உன் ஷூ எங்கே?”

“சார்... மரியாதை சார். எங்க ஊர்ல புனிதமான இடத்துல செருப்போட நடக்க மாட்டோம்.”

பாக்ஸ்டரின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஊழியர்களைப் பார்த்தார். ஊழியர்கள் அவரைப் பார்த்தார்கள். வேற்று நாட்டான் வெறுங்காலோடு நிற்க, டெக்சஸ் சிங்கம் பூட்ஸோடு நிற்பதா? பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். “எல்லாரும் கழட்டுங்க” என்றார்.

ஜூலை மாத வெயில். முற்றத்துக் கல் தோசைக்கல்லாய்க் காய்ந்திருந்தது. கம்பெனி மொத்தமும் கால் மாற்றிக் கால் மாற்றிக் குதித்தது. அக்கவுண்டன்ட் அம்மாள் குதித்துக்கொண்டே நஞ்சுண்டனை முறைத்தாள்.

“ம், ஆரம்பி” என்றார் பாக்ஸ்டர், குதித்தபடியே.

“1836-ல மெக்சிகோ படை இந்தக் கோட்டையைச் சுத்தி வளைச்சுது. உள்ளே இருந்தவங்க சரணடையல. சண்டை போட்டே செத்தாங்க. டெக்சஸின் தந்தை ஸ்டீபன் ஆஸ்டினும் இங்கதான் வீர மரணம் அடைஞ்சார்.”

“ஆமாம். இதே இடத்துலதான்” என்று பாக்ஸ்டர் நெஞ்சில் தொப்பியை வைத்துக்கொண்டார்.

வாய் மூடிய மறுகணமே நஞ்சுண்டனுக்கு உறைத்தது. ஆஸ்டின் இந்தச் சண்டையிலேயே இல்லை! அந்த வருஷக் கடைசியில் நிமோனியாவில் படுக்கையில் போனவர். தெரிந்தும் பாஸ் தலையாட்டுகிறார் என்றால், மனதுக்குள் மார்க்கைக் குறைக்கிறார் என்று அர்த்தம். மறைத்தால் இன்னும் ஆபத்து.

“சார், மன்னிக்கணும். தப்பாச் சொல்லிட்டேன். ஆஸ்டின் இங்க சாகல. உங்களுக்குத்தான் தெரியுமே!”

பாக்ஸ்டரின் நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது. “தெரியும், தெரியும். நீ திருத்திக்கறியான்னு பார்த்தேன்” என்றார். கோபத்தை அடக்குகிறார் என்று நஞ்சுண்டன் நினைத்தான். அவன் கண்ணெதிரே இழுப்பறை சாத்திக்கொண்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் காவலர் மறுபடி வந்தார். வரிசையாக நின்ற ஷூக்களையும் குதிக்கிற கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சார், இங்க யாரும் ஷூவைக் கழட்ட வேண்டியதில்ல. டெக்சஸ்ல பிறந்த சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே! சரி, இந்த ஒத்தை ஷூ யாரோடது?”

சாந்தாமணியின் பையிலிருந்து அதன் ஜோடி பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எல்லாரும் பார்த்தார்கள். பாக்ஸ்டரும் பார்த்தார். ஷூவைப் பார்த்தார், நஞ்சுண்டனை வெகுநேரம் பார்த்தார். பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் காரை நோக்கி நடந்தார். சேனாபதியிடமும் அன்றைக்கு இப்படித்தான் பேசாமல் எழுந்து போனார்.

“போச்சு சாந்தா. எல்லாம் போச்சு” என்று நஞ்சுண்டன் பெஞ்சில் சரிந்தான்.

“நானு ஊருக்கு போன் பண்ணிச் சொல்லிரட்டுங்களா?” என்று சாந்தாமணி கண்ணைத் துடைத்தாள்.

கணவர் பின்னாலேயே போயிருந்த மிஸஸ் பாக்ஸ்டர் கார்ப் பக்கமிருந்து வேகவேகமாகத் திரும்பி வந்தாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு நஞ்சுண்டனின் காதருகே குனிந்தாள்.

“உங்க பேப்பர்ல திங்கட்கிழமையே கையெழுத்துப் போட்டுடறாராம், அவர் நியூ ஜெர்சிக்காரர், அலமோவை இன்னைக்குத்தான் முதல் தடவையாப் பார்க்கிறார்னு நீங்க இவ்வளவு சாமர்த்தியமாக் கண்டுபிடிச்சதை மட்டும் ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்லிட வேண்டாம்னு கெஞ்சிக் கேட்டுக்கச் சொன்னார்.”