மாப்பிள்ளை முகம் உரிந்த டப்பா

முடிச்சூர், மேற்குத் தாம்பரம்.
ஞாயிறு காலை.

இன்னும் அப்படி அழைக்கலாம் என்ற தைரியத்தில் சம்பந்தி என்றே விளித்து, கோவளம் மதியழகன் அவர்களுக்கு அரிகிருஷ்ணன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் சுகம். என் மானத்துக்கு மட்டும் வெள்ளிக்கிழமையிலிருந்து சுகமில்லை. அங்கே தாங்கள், வீட்டில் முத்தாலம்மாள் அக்கா, மாப்பிள்ளை லோகு, படகு, வலை எல்லாம் நலம்தானே? மூன்று தடவை போன் அடித்தேன், நீங்கள் எடுக்கவில்லை. அதனால் பேனாவை எடுத்தேன்.

சம்பந்தி, இரண்டு வருஷம் நம் இரண்டு குடும்பமும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்து, பிள்ளைகள் பிடிவாதத்தில் இப்போதுதான் தாம்பூலம் மாற்றியிருக்கிறோம். அந்தச் சந்தோஷத்தில், கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கு லட்டு போட்டுக் கொடுக்க, மூடியில் ஜோடி போட்டோ பதித்த டப்பாவை நானே செய்து தருகிறேன் என்று கிளம்பினேன் பாருங்கள், அங்கேதான் சனி பிடித்தது. இருபத்திரண்டு வருஷமாக மறைமலை நகரில் ஐஸ்கிரீம் டப்பா அடிக்கிறேன், எனக்குத் தெரியாததா என்ற திமிர்தான். போட்டோ அச்சடித்த பிலிமை மோல்டு என்கிற இரும்பு அச்சுக்குள் வைத்து, முதுகுப் பக்கமாக உருகிய பிளாஸ்டிக்கைப் பாய்ச்சினால், பிலிமும் மூடியும் ஒரே துண்டாகிவிடும். பசையே வேண்டாம். முதலாளி ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஷினை விட்டுக் கொடுத்தார். நானும் மரியாதையில் ஒரு குறை வைக்கவில்லை. மாப்பிள்ளை முகம் கறுத்துவிடக் கூடாதே என்று சூட்டை இருபது டிகிரி குறைத்தேன், மோல்டையும் ஜில்லென்று வைத்தேன், தலைமுடி கலையாமலிருக்க மெதுவாகப் பாய்ச்சினேன், கடைசியில் அழுத்திப் பிடிக்கும் நேரத்தைக்கூடக் குறைத்தேன். மாப்பிள்ளையைப் போய் அழுத்துவார்களா? இத்தனைக்கும் மேல், மங்கள காரியமாச்சே என்று ஒவ்வொரு பிலிமின் முதுகிலும் மஞ்சள் தூளைக் குழைத்து ஒரு பொட்டு வைத்தேன். முதுகு வெள்ளையாக இருக்கும், முகம் தெரியாது. ஆனாலும் போட்டோவில் மாப்பிள்ளை வலது பக்கம் என்பது எனக்கு மனப்பாடம். முதல் மரியாதை அவருக்கே என்று வலது பக்கம் பார்த்தே வைத்தேன்.

முதல் டப்பாவை உங்கள் வீட்டில் கொண்டு வந்து நீட்டினேன். அக்கா ஆசையாக மூடி ஓரத்தில் நகத்தால் தடவினார்கள். மாப்பிள்ளை முகம் மோவாயிலிருந்து நெற்றி வரை உரிந்து, என் மகள் சுபத்ராவின் காதருகில் வந்து நின்றது. "இன்னாய்யா இது, எம் புள்ள மட்டும் தனியா உரிஞ்சிகினு வர்றான்?" என்றார்கள் அக்கா. நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. நீங்கள் கடலைப் பார்த்துக்கொண்டே, "யோசிச்சி சொல்றோம்" என்றீர்கள். என் மகள் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

யோசித்துப் பார்த்ததில் உண்மை தெரிந்துவிட்டது. குற்றவாளி மஞ்சள்தான்! பிலிமுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே தூசி, எண்ணெய், கைவியர்வை எது புகுந்தாலும் ஒட்டாது. மாப்பிள்ளைக்கு மரியாதை கூடிப்போய் ஒட்டவில்லையே தவிர, இது சகுனமும் இல்லை, பிள்ளைகள் மேல் குற்றமும் இல்லை. இந்த மடையன் ஒருவன் செய்த தப்புக்கு அவர்களைத் தண்டிக்காதீர்கள். அக்காவுக்கு என் நமஸ்காரம், மாப்பிள்ளைக்கு ஆசிகள், தங்கள் வலை என்றும் கனக்கட்டும்.

பணிவன்புடன்,
அரிகிருஷ்ணன்

பி.கு.: கவரை ஒட்டுமுன் சுபத்ரா இதைப் படித்துவிட்டாள். உடனே மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, அந்த மூடியைப் பார்க்கச் சொன்னாள். "மாமா, எம் மூஞ்சி கீழ மஞ்சளே இல்லியே!" என்றார் அவர். "அப்பா, பிலிமைக் குப்புறப் போட்டா வலது இடதாயிடும். நீ பொட்டு வெச்சது என் முதுகுல" என்று சுபத்ரா தலையில் அடித்துக்கொண்டாள். எங்கள் கம்பெனியில் தரம் பார்க்கும் பியூலாவைக் கேட்டேன். "அண்ணா, பிளாஸ்டிக் உள்ள வர்ற வாசல் பொண்ணு பக்கம். நீங்க சூடு, வேகம், அழுத்தம் எல்லாத்தையும் கொறச்சா, மாப்ள கிட்ட போறதுக்குள்ள ஆறிடாதா? அப்புறம் எங்க ஒட்டும்?" என்றாள். ஆக, மேலே மஞ்சள் பற்றி எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். மரியாதை பற்றி எழுதியதையும் அடித்துவிடலாம்.

இப்போதுதான் அக்காவே போனில் வந்தார்கள். மஞ்சள் வைத்த பக்கத்தை அரைமணி நேரமாக உரித்துப் பார்க்கிறார்களாம். "நகமே ஒடிஞ்சிபோச்சிய்யா, உம் பொண்ணு அசைய மாட்டேங்குறா. போய்ப் பந்தலுக்கு அட்வான்ஸ் குடு. டப்பா மட்டும் நாங்க கடையில வாங்கிக்கிறோம்" என்றார்கள்.